அலுமினியப் படகின் பின்பலகை உக்கிவிட்டது: மருந்துப் பலகை போடலாமா, எபாக்சி ஊற்றலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். 1980களில் செய்த 14 அடி அலுமினியப் படகு ஒன்றைப் போன இலையுதிர் காலத்தில் வாங்கினேன். அதிலிருந்த பழைய 9.9 குதிரைத்திறன் 2-ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துவிட்டு 15 குதிரைத்திறன் 4-ஸ்ட்ரோக் மாட்டினோம். கிளாம்ப் திருகை முறுக்க முறுக்க, எஞ்சின் தொங்குகிற பின்பலகை அமுங்கிக்கொண்டே போகிறது. போல்ட் துளைகளில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது. ஹார்ட்வேர் கடையில் விற்கிற பச்சை நிற மருந்துப் பலகையை வாங்கிப் போட்டால் ஆயுளுக்கும் உக்காது என்கிறார் மைத்துனர். பலகையைக் கழற்றவே தேவையில்லை, துளை போட்டு எபாக்சி என்கிற இரு பாகப் பசையை ஊற்றினால் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? ரிவெட் வேலைக்கான கருவி எதுவும் என்னிடம் இல்லை. மே மாதம் ரைஸ் ஏரியில் இறக்க ஆசை.

பதில்: வணக்கம். இரண்டு பேர் சொன்னதையும் கேட்காதீர்கள். மருந்துப் பலகை உங்கள் படகின் அலுமினியத்தையே தின்றுவிடும். எபாக்சி ஊற்றுவது பணத்தைக் குப்பையில் போடுகிற வேலை. பலகையை முழுசாகக் கழற்றிப் புதிதாக ஒன்று செய்து போடுவதுதான் வழி. பெரிய கருவிகள் தேவையில்லை. இரண்டு வார இறுதிகளில் நீங்களே முடித்துவிடலாம்.

மருந்துப் பலகை ஏன் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். பச்சை நிறத்துக்குக் காரணம் மரத்துக்குள் அழுத்தி ஏற்றிய செம்பு உப்பு. 2003ஆம் ஆண்டு இறுதிவரை வீட்டு உபயோகத்துக்கு விற்ற பலகையில் செம்போடு ஆர்சனிக்கும் குரோமியமும் இருந்தன. இப்போது வருகிறவற்றில் ஆர்சனிக் இல்லை, ஆனால் செம்பின் அளவு முன்பைவிடக் கூடுதல். மரம் நனையும்போது அந்தச் செம்பு கரைந்து வெளியே வந்து அலுமினியத்தின்மேல் படிகிறது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான். உங்கள் படகின் பின்தகடு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். சில ஆண்டுகளில் அதில் ஊசித்துளைகள் விழும். பலகை உக்காமல் அப்படியே இருக்கும், படகு ஓட்டையாகிவிடும். மேலே பெயின்ட் பூசிச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒரு போல்ட் துளையில் ஈரம் இறங்கினால் போதும்.

எபாக்சி ஊற்றுவது ஏன் வேலைக்கு ஆகாது? உக்கிய மரம் உள்ளே ஈரமாக இருக்கிறது. எபாக்சி ஈர மரத்துக்குள் ஊறாது. துளை போட்ட இடத்தைச் சுற்றிச் சிறு குமிழாகக் கட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு வெளியே மரம் பஞ்சாகவே இருக்கும். கிளாம்ப் இறுகின மாதிரி தோன்றும், முழு வேகத்தில் அலையில் மோதும்போது எஞ்சினின் உந்துவிசை முழுவதும் அந்தப் பஞ்சில் போய் விழும். 15 குதிரைத்திறன் 4-ஸ்ட்ரோக் எஞ்சின் 45 முதல் 52 கிலோவரை இருக்கும். நீங்கள் கழற்றின பழைய 2-ஸ்ட்ரோக்கைவிட இது கணிசமாகக் கூடுதல்.

எஞ்சினைப் பற்றிப் பேசும்போதே ஒன்று. படகின் உட்பக்கத்தில் அதிகபட்ச எடையும் எஞ்சின் திறனும் எழுதிய சிறு தகடு இருக்கும். அதில் 15 குதிரைத்திறனுக்கு இடம் இருக்கிறதா என்று பலகையைத் தொடுமுன் பாருங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட குதிரைத்திறன் எஞ்சின் மாட்டிய உல்லாசப் படகுக்குக் கனடாவில் உரிமம் வேண்டும். பழைய 9.9க்கு அது தேவைப்பட்டிராது, இப்போது தேவை.

இனி வேலை. எஞ்சினை இறக்குங்கள். எதையும் கழற்றுமுன் பின்பகுதியை உள்ளும் வெளியுமாகப் படம் எடுத்து வையுங்கள். எந்தப் போல்ட் எந்தத் துளையில் இருந்தது, வாஷர் எந்தப் பக்கம் என்பது இரண்டு வாரம் கழித்து நினைவிருக்காது. பலகையைப் பிடித்திருப்பவை வழக்கமாக நான்கு: மேல் விளிம்பை மூடும் அலுமினியக் காடி, இரண்டு மூலைகளிலும் உள்ள மூடிகள், நடுவில் படகின் அடிப்பாகத்திலிருந்து பலகைக்கு ஏறும் முட்டுத்தாங்கி, கைப்பிடி, மீன் காட்டும் கருவியின் உணரி போன்றவற்றின் போல்ட்கள். வடிகால் துளைக்குள் ஒரு குழாய் செருகி விளிம்பு மடித்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும். அது பித்தளையாக இருந்தால் திரும்பப் போடாதீர்கள். பித்தளையிலும் செம்புதான் பெரும்பங்கு. பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் குழாய் வாங்குங்கள்.

ரிவெட்டைக் கழற்ற டிரில் போதும். தலையின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு குறி அடியுங்கள். ரிவெட்டின் தண்டு எவ்வளவு கனமோ அதே அளவு பிட்டால் தலையை மட்டும் குடையுங்கள். தலை பிட்டோடு சுழன்று கழன்று வந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத் தண்டை இரும்புப் பஞ்ச் கருவியால் தட்டி வெளியேற்றுங்கள். ஒரேயடியாக முழு ஆழத்துக்கும் குடைந்தால் தகட்டின் துளை பெருத்துவிடும், அப்புறம் அதே அளவு ரிவெட் பிடிக்காது. தலை சுழல ஆரம்பித்து, குடைய முடியாமல் போனால் ஓர் உளியின் நுனியைத் தலைக்கு அடியில் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பலகை பெரும்பாலும் மேல்நோக்கி உருவி வரும். வராவிட்டால் பக்கவாட்டு விளிம்புகள் மூலையில் அதைக் கவ்விக்கொண்டிருக்கும். அப்போது பழைய பலகையை நடுவில் செங்குத்தாக அறுத்து இரண்டு பாதியாக எடுக்கலாம். தகட்டில் ரம்பம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் புதுப் பலகையை இரண்டு பாதியாக வெட்டிப் போடக் கூடாது. எஞ்சின் தொங்குவது சரியாக அந்த நடுக்கோட்டில்தான். இடம் நெருக்கடி என்றால் முக்கால் அங்குலப் பலகை இரண்டைத் தனித்தனியாக உள்ளே இறக்கி, அங்கேயே ஒன்றோடொன்று ஒட்டுங்கள். மெல்லிய பலகை சற்று வளைந்து கொடுக்கும். இப்படிச் செய்வதானால் தகட்டைப் பார்க்கும் முகத்துக்கு முன்கூட்டியே எபாக்சி பூசிக் காயவிட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு உக்கியிருந்தாலும் பழைய பலகையை எறியாதீர்கள். புதுப் பலகையை வெட்டுவதற்கான அளவு மாதிரி அதுதான். அடிப்பாகம் தூளாகப் போயிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் அட்டையை வெட்டித் தகட்டின் வளைவோடு பொருத்திப் பாருங்கள். கனத்தை அளக்கும்போது கவனம் வேண்டும். உக்கிய மரம் ஊதியிருக்கும். அதை அளந்துவிட்டு ஒன்றே முக்கால் அங்குலத்தில் புதுப் பலகை செய்தால் மேல் காடிக்குள் நுழையாது. காடியின் உள்வாயை அளவுகோலால் அளப்பதே சரி. பெரும்பாலான 14 அடிப் படகுகளில் அது ஒன்றரை அங்குலம், அதாவது முக்கால் அங்குலப் பிளைவுட் இரண்டு. சில படகுகளில் ஒன்றேகால் அங்குலமும் உண்டு. எபாக்சிப் பூச்சும் கொஞ்சம் கனம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உயரத்தையும் சரிபாருங்கள்: புரொப்பெல்லருக்கு இறங்கும் தண்டு குட்டையான எஞ்சினுக்குப் பின்பலகையின் உயரம் 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20. புது எஞ்சினின் தண்டு பழையதன் அளவுதானா என்று இப்போதே பார்த்துவிட்டால் நல்லது.

பலகை வெளியே வந்ததும் எல்லாரும் மரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் தகட்டைப் பாருங்கள். பலகை ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளைத் தூள் அப்பியிருக்கும். ஈர மரம் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும்போது அந்த இடுக்குக்குக் காற்று எட்டுவதில்லை. அலுமினியத்தைக் காப்பாற்றுகிற ஆக்சைடு படலம் சிதைந்தால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத இடத்தில் குழி விழுகிறது, தூள் வருகிறது. நைலான் அல்லது ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சாதாரண இரும்புக் கம்பிப் பிரஷ்ஷும் ஸ்டீல் உல்லும் வேண்டாம். அவற்றின் துகள் தகட்டில் பதிந்து அடுத்த அரிப்பை அவையே தொடங்கி வைக்கும். கழுவிக் காய்ந்த பிறகு, இருட்டில் உள்ளே ஒரு விளக்கைத் தகட்டோடு ஒட்டிப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டையும் நட்சத்திரம்போல் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு ஊசித்துளை என்றால், எபாக்சியைத் தடவி அது ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் தகட்டில் தேய்த்து, மேலே கெட்டியாகக் குழைத்த எபாக்சியை அப்பலாம். காற்றுப் படாமல் தேய்ப்பதற்குக் காரணம், புதிதாகச் சுரண்டிய அலுமினியம் உடனே ஆக்சைடு கட்டிவிடும், அதன்மேல் எபாக்சியின் பிடி குறையும். விரல்நுனி அளவுக்கு மேல் அரித்திருந்தால் 5052 ரக அலுமினியத் தகட்டில் ஒட்டுப்போட்டு, சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். கடைசியில் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் ஒரு கை. படகின் அடியில் பூசுகிற செம்பு கலந்த பெயின்ட் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

பின்தகட்டின் வெளிப்பக்கம், படகின் வலதுபுற மேல் மூலையில் 12 எழுத்தும் எண்ணுமாகப் படகின் தொடர் எண் இருக்கும். தேய்க்கும்போதோ புதுத் துளை போடும்போதோ அதைச் சிதைக்காதீர்கள். அதை மாற்றுவதும் அழிப்பதும் சட்டப்படி குற்றம்.

மரத்துக்கு வருவோம். பலர் நினைப்பதுபோல், படகு வேலைக்கென்று விற்கிற மரைன் பிளைவுட் உக்காத மரம் அல்ல. அதன் பசை கொதிநீரிலும் விடாது, உள் அடுக்குகளில் ஓட்டை இருக்காது, அவ்வளவுதான். பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையுள்ள பலகை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெளியுபயோக டக்லஸ் ஃபிர் பிளைவுட், ஓரங்களில் பொந்து இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கி எடுங்கள். இரண்டு கோட்டிங் கூடுதலாகப் பூசிய சாதாரணப் பலகை, அரைகுறையாகப் பூசிய மரைன் பிளைவுட்டைவிட அதிக நாள் நிற்கும். முழு மரப் பலகை வேண்டாம், நாரோடு பிளக்கும். ஓக் மரத்தின் அமிலம் உலோகத்துக்கும் ஆகாது. சமையலறை வெட்டுப்பலகை போன்ற வெள்ளை பிளாஸ்டிக் வளையும், எந்தப் பசையும் அதில் ஒட்டாது. நுரையும் கண்ணாடி இழையும் சேர்த்த கூட்டுப் பலகை உக்காதுதான். ஆனால் கிளாம்ப் திருகின் அழுத்தத்தில் நசுங்காமலிருக்க இரு பக்கமும் அலுமினியத் தகடு வைக்க வேண்டும், விலையும் பல மடங்கு. 14 அடிப் படகுக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து.

அளவுக் கணக்கு இப்படி வரும். உங்கள் பின்பலகை சுமார் 52 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் என்று வைத்துக்கொண்டால், 4-க்கு 8 அடிப் பலகை ஒன்றே போதும். இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக நீளவாக்கில் வெட்டிக்கொள்ளலாம். முகத்தின் நார் இடவலமாக ஓடும்படி வெட்டுங்கள். 4-க்கு 4 அடி அரைப்பலகை மலிவு என்று வாங்கினால் 52 அங்குலத்துக்கு 4 அங்குலம் பற்றாது. எபாக்சி: ரெசினும் ஹார்ட்னரும் சேர்ந்து 1.2 லிட்டர் அளவுள்ள சிறிய கிட் ஒன்று, ஒட்டுவதற்கும் மூன்று பூச்சுக்கும் துளை அடைக்கவும் சரியாக வரும். கெட்டிப்படுத்த கூழ்ம சிலிக்கா ஒரு டப்பா. படகுக்கான பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு குழல். 3எம் 4200 போன்ற, பின்னால் கழற்றக்கூடிய வகையை எடுங்கள். 5200 போட்டால் அடுத்த முறை கழற்றும்போது தகடே கிழிந்து வரும். வீட்டுக் குளியலறைச் சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். புளிப்பு வாடை வருகிற வகை அலுமினியத்தை அரிக்கும், அது ஒருமுறை பட்ட இடத்தில் வேறு எந்தப் பசையும் பெயின்ட்டும் ஒட்டாது. போல்ட், நட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ். ஏரித் தண்ணீருக்கு 304 போதும், கடலுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் 316.

இரண்டு துண்டையும் கால் அங்குலம் பெரிதாக வெட்டி, உள்முகங்களை 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். முதலில் கெட்டிப்படுத்தாத எபாக்சியை இரண்டு முகத்திலும் பூசி ஊறவிடுங்கள். அடுத்து சிலிக்கா கலந்து தயிர்ப் பதத்துக்குக் குழைத்ததைப் பல்லுள்ள கரண்டியால் ஒரு முகத்தில் பரப்பிச் சேருங்கள். கிளாம்ப் போடும்போது ஓரமெங்கும் பசை கொஞ்சம் பிதுங்கினால் போதும். முழு பலத்தில் நெரித்தால் பசை முழுவதும் வெளியேறி உள்ளே வறண்ட இணைப்புதான் மிஞ்சும். ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் உள்ள விகிதம் டப்பாவில் இருப்பதுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் ஒருபோதும் முழுசாக இறுகாது. ஒன்டாரியோ ஏப்ரலில் கராஜ் குளிராக இருக்கும், ஆகவே குளிருக்கு ஏற்ற வேக ஹார்ட்னர் வாங்குங்கள். ஆனால் அது கிண்ணத்தில் பத்து நிமிடத்திலேயே சூடேறிக் கட்டியாகும். சிறுகச் சிறுகக் கலந்து, கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இறுகியதும் ஜிக்சாவால் சரியான வடிவத்துக்கு அறுத்து, ஒரு முறை வெறும் பலகையாகவே உள்ளே வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் படகின் தரையைத் தொடக் கூடாது. கால் அங்குலம் இடைவெளி விட்டு, கீழ் முனையைக் கொஞ்சம் மழுங்க வெட்டிவிடுங்கள். பழைய பலகை உக்கத் தொடங்கியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படகின் ஆழமான மூலையில் தேங்கும் தண்ணீரில் பிளைவுட்டின் திறந்த ஓரம் நின்றுகொண்டே இருந்திருக்கும். பலகை உள்ளே இருக்கும்போதே தகட்டின் பழைய துளைகள் வழியாக வெளியிலிருந்து டிரில் நுனியால் மரத்தில் குறி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வெளியே எடுங்கள்.

இனி சொல்வதைத்தான் தயவுசெய்து அவசரப்படாமல் செய்யுங்கள். பலகையின் ஆயுள் மரத்தின் விலையில் இல்லை, துளைகளில் இருக்கிறது. முகத்தில் எத்தனை கை பூசினாலும், கடைசியில் டிரிலால் ஒரு துளை போட்ட உடனே உள் அடுக்குகள் எல்லாம் திறந்துவிடும். போல்ட்டைச் சுற்றிக் கசியும் ஒரு சொட்டுத் தண்ணீர் நேராக அங்கே போகும். அதனால் கால் அங்குலப் போல்ட் வரும் இடத்தில் அரை அங்குலத் துளை போடுங்கள். ஒரு பக்கத்தை டேப்பால் மூடி, முதலில் கெட்டிப்படுத்தாத எபாக்சியைத் தூரிகையால் உள்சுவரில் தடவி, அது மரத்தில் இழுத்துக்கொண்ட பிறகு சிலிக்கா கலந்த எபாக்சியால் நிரப்புங்கள். இறுகியதும் அதன் நடுவில் கால் அங்குலத் துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் எபாக்சிக் குழாய் இருக்கும். சீலன்ட் ஒரு நாள் தோற்றாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. முட்டுத்தாங்கியின் போல்ட், எஞ்சின் போல்ட், கைப்பிடி, உணரித் திருகு எல்லாவற்றுக்கும் இதே முறை. வடிகால் துளைக்கும் அப்படியே: குழாயைவிடச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, உள்சுவரில் எபாக்சியை மூன்று தடவை ஊறவிடுங்கள்.

அடுத்து முழுப் பலகைக்கும் பூச்சு. பிளைவுட்டின் ஓரம் உறிஞ்சுவது முகத்தைவிடப் பல மடங்கு. முதல் கையைப் பூசிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஓரம் மறுபடி வறண்டு கிடக்கும். அது குடிப்பதை நிறுத்தும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். பலகையை முன்பே வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ சூடாக்கி, அது ஆறிக்கொண்டிருக்கும்போது பூசுங்கள். ஆறும் மரம் உள்ளே இழுக்கும். குளிர்ந்த மரத்தில் பூசிவிட்டுப் பிறகு சூடேற்றினால் உள்ளேயுள்ள காற்று வெளியே வந்து பூச்சு முழுக்கக் கொப்புளமாகும், ஒவ்வொரு கொப்புளமும் ஒரு வாசல். ஒரு கை ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்த கையைப் பூசலாம். முழுக்க இறுகிவிட்டால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரும் நைலான் தேய்ப்பானும் கொண்டு கழுவிய பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தைப் பூச்சுக்குள்ளேயே அழுத்திவிடுவீர்கள். எபாக்சி வெயிலுக்கு ஆகாது. மேல் விளிம்பிலும் உட்பக்கத்திலும் பெயின்ட் அடியுங்கள். மாட்டுமுன் ஒரு வாரம் காயட்டும்.

பூட்டும்போது பலகையைத் தகட்டோடு பசை வைத்து ஒட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். முழுப் பரப்பிலும் இடைவெளியின்றி ஒட்டுவது நடக்காத காரியம். ஒட்டாத இடங்களில் தண்ணீர் சிறைப்படும், மறுபடி வெள்ளைத் தூள்தான். உள்ளே வருகிற தண்ணீர் கீழே வடிந்து வடிகாலுக்குப் போகட்டும். சீலன்ட்டைப் போல்ட்களில் மட்டும் வையுங்கள்: வெளித்தகட்டின் துளையைச் சுற்றியும் போல்ட் தலைக்கு அடியிலும். உட்பக்க நட்டுக்கு அடியில் வேண்டாம். அங்கே அடைத்தால் உள்ளே போனது வெளியே வர வழி இருக்காது. முறுக்கும்போது தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள், தலை சுழன்றால் சீலன்ட் வளையம் அறுந்துவிடும். உட்பக்கம் அகலமான வாஷர், அல்லது எட்டில் ஒரு அங்குல அலுமினியத் தகடு.

ரிவெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மூலை மூடிகளுக்கும் மேல் காடிக்கும் முனை மூடிய அலுமினியப் பாப் ரிவெட் (ஒரே பக்கத்திலிருந்து கருவியால் இழுத்து இறுக்குவது) போதும். 3/16 அங்குல ரிவெட்டுக்கு 11ஆம் எண் பிட். கையால் அழுத்தும் சாதாரண ரிவெட் கருவி 3/16க்குத் திணறும், நீளக் கைப்பிடி உள்ளதை வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கிற முனை திறந்த ரிவெட்டில் நடுத் துவாரம் வழியாகத் தண்ணீர் வரும், உள்ளே மாட்டிக்கொள்ளும் இரும்புக் கம்பியும் துருப்பிடிக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே எதையாவது கழற்றியிருந்தால் அங்கே நடுவில் துவாரமில்லாத முழு ரிவெட் அடிப்பதுதான் சிறப்பு. அதற்கு உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, வெளியே ஒருவர் சுத்தியால் அடிக்க வேண்டும். தண்டு தகட்டுக்கு வெளியே அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து அடியுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் சீலன்ட் தடவிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலான் வளையமுள்ள நட்டும் போடுங்கள், கசியாது.

ஏரிக்குக் கொண்டுபோகுமுன் டிரெய்லரிலேயே பின்பக்கம் நான்கு அங்குலம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம், தண்ணீரின் எடையை டிரெய்லரும் தகடும் தாங்கப் படைக்கப்படவில்லை. வெளியே ஈரம் தெரிகிற இடத்தைப் பென்சிலால் குறித்து, காய்ந்ததும் அடையுங்கள்.

எஞ்சினை மாட்டும்போது கிளாம்ப் திருகுகளுக்கு அடியில் தகடு அல்லது கெட்டியான பிளாஸ்டிக் பட்டை வையுங்கள். பிராக்கெட்டின் கீழ்த் துளைகளில் இரண்டு போல்ட் கண்டிப்பாகப் போடுங்கள், அவற்றுக்கான துளைகளையும் மேலே சொன்ன முறையில்தான். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிப்பாகத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலியையும் விடாதீர்கள்.

முதல் ஓட்டத்தில் ஒரு மணி நேரம் போனதும் கரை ஒதுங்கி, கிளாம்ப் திருகுகளைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கால் சுற்று இறங்குவது இயல்பு: பெயின்ட்டும் பட்டையும் அமரும். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் இறங்கிக்கொண்டே போனால் பலகைக்குள் தண்ணீர் போகிறது என்று பொருள். அப்போது எஞ்சினை இறக்கிவிட்டு முதலில் வடிகால் குழாயின் விளிம்பைப் பாருங்கள், அடுத்தது உணரித் திருகுகளை. சீலன்ட் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.